வண்டி ஓடிய தூரத்தைக் கணித்தலும் பதிவு செய்தலும்

விதைக்கும் எருவுக்கும் கூலிக்கும் ஆன செலவைக் குடியானவர் பலர் ஒருவாறு எழுதி வைக்கின்றனர். எழுதாதவரும் மனத்தில் கணக்கு வைத்திருப்பர். வண்டியும் டிராக்டரும் ஓடிய தூரத்தை அளந்து எழுதுவோரோ மிகச் சிலர். "ஏரிக்கரை ஒரு கிலோமீட்டர் இருக்கும்", "ஆலைக்கு முப்பது இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்வதே பெரும்பான்மையான கிராமங்களில் வழக்கமாயிருக்கின்றது. வாடகை, டீசல், மாட்டின் உழைப்பு, ஆள் செலவிடும் நேரம் ஆகிய நான்கும் தூரத்தைப் பொறுத்தே ஏறி இறங்குவன. ஆகையால் தூரம் தவறினால் அந்நான்கும் தவறும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பதற்கு ஒரு நிலச்சுவான்தார் நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவதாகக் கொள்க. தூரம் ஒரு கிலோமீட்டர் என்று இரு திறத்தாரும் வாய்ச்சொல்லாக ஒப்புக்கொள்கின்றனர். பின்னர் அளந்து பார்த்தால் அது 760 மீட்டரே என்று தெரிகின்றது. நடை ஒன்றுக்குத் தவறு 240 மீட்டர்தான். ஆனால் 100 நடைக்கு அது 24 கிலோமீட்டர். வெறும் வண்டி திரும்பி வரும் வழியையும் சேர்த்தால் 48 கிலோமீட்டர் ஓடாத ஓட்டத்துக்குப் பணம் கொடுத்ததாகும். நஷ்டம் எப்பொழுதும் நிலத்துக்குடையவர் பக்கமே என்பதும் இல்லை. வழி 1,300 மீட்டராக இருந்து, ஒரு கிலோமீட்டர் என்று பேசிவிட்டால் வண்டிக்காரர் தம் மாட்டின் கால்களைக் கொண்டு அந்த வித்தியாசத்தைச் செலுத்துகின்றார். மேலும், பேசிய தூரம் ஒருவழியா இருவழியா என்பதை முன்னரே தீர்த்துக்கொள்ளாமையால் விளையும் வழக்குகள் அளவுத் தவற்றால் விளைபவற்றினும் அதிகம்.

கண்மதிப்பு இவ்விஷயத்தில் ஏன் பயன்படுவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பாரமும் வெயிலும் மேடும் வழியை நீளமாகக் காட்டும். திரும்பி வரும் வெறும் வண்டிக்கு அதே வழி சுருங்கிவிடும். அமெரிக்காவில் 1847-ம் ஆண்டில் நடந்த ஒன்று இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு மார்மன் கூட்டத்தார் மாட்டு வண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் மேற்கு நோக்கிக் குடியேறச் சென்றனர். அவருள் வில்லியம் கிளேட்டன் என்பவர் நாள்தோறும் கடந்த தூரத்தை எழுதி வந்தார். அவர் மதிப்பிட்ட தூரத்துக்கும் மற்றவர் மதிப்பிட்டதற்கும் ஒரு நாளைக்கு 2 மைல், சில நாள் 4 மைல்கூட வித்தியாசம் வந்தது. அவர் குறைத்துச் சொல்கிறார் என்பதே மற்றவர்களுடைய எண்ணம். வாதம் செய்து பயனில்லையென்று கண்டு, அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை அளந்தார். அதன் சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல் ஆயிற்று. மே மாதம் 8-ந் தேதி அச்சக்கரத்தின் பக்கத்திலேயே நாள் முழுதும் நடந்து சுற்றுக்களை எண்ணினார். மொத்தம் 4,070 சுற்றுக்கள். அதாவது பதினொன்றேகால் மைலும் மிச்சம் 20 சுற்றும்.

நாள் முழுதும் எண்ணுவது எளிய வேலையன்று. ஆகவே அக்கூட்டத்திலிருந்த ஆர்சன் பிராட் என்பவர் ஒரு பல்சக்கர அமைப்பைக் கணித்துக் கொடுக்க, ஆப்பிள்டன் ஹார்மன் என்பவர் அதை மரத்தால் செய்தார். வண்டிச் சக்கரம் 6 முறை சுழன்றால் ஒரு திருகு ஒரு முறை சுழலும். திருகு 60 முறை சுழன்றால் 60 பல்லுள்ள சக்கரம் ஒரு சுற்று முடிக்கும். ஆறும் அறுபதும் பெருக்க 360. அதுவே ஒரு மைல். இவ்வாறு அளந்த வழியைக் கிளேட்டன் 1848-ல் சிறு புத்தகமாக அச்சிட்டார். எந்த ஓடை எத்தனையாவது மைலில் உள்ளது, அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம் என்பன அதில் கண்டன. பின்னால் வண்டி ஓட்டி வந்தவருக்கு மாட்டை எங்கே அவிழ்த்து விடலாம் என்பது முன்கூட்டியே தெரிந்தது. தாகத்தோடு நிற்கும் மாடுகளை ஓட்டுபவருக்கு, இரண்டு மைல் என்று சொன்னது நான்கு மைலாக முடிந்தால் நேரும் துன்பம் சிறிதன்று.

இம்முறை இன்றும் ஒவ்வொரு கிராமத்திலும் காசு செலவின்றிச் செய்யத்தக்கது. மரச் சக்கரத்தின் விட்டத்தை அளந்து 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு வரும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். விட்டம் ஒன்றரை மீட்டரானால் சுற்றளவு சுமார் 4 மீட்டர் 71 சென்டிமீட்டர். கிலோமீட்டருக்கு 212 சுற்று. எனினும் நடைமுறையில் இது சிறந்த வழியன்று. வட்டையின் மேலுள்ள இரும்புப் பட்டை தேய்ந்திருக்கலாம். சக்கரம் ஓரிடத்தில் சற்றே அமுங்கியிருக்கலாம். குடத்தின் குறுக்கே விட்டத்தை அளக்கும்போது நூல் வளைந்து 2 சென்டிமீட்டர் தவறினால், கிலோமீட்டருக்கு 13 மீட்டர் பிழை ஏறிவிடும். ஆகையால் சக்கரத்தை உருட்டியே அளக்க வேண்டும்.

சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, பட்டையில் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடும், அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடும் இடுக. வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, மாட்டை நேராக ஓட்டுக. சுண்ணாம்புக் கோடு பத்தாம் முறை தரையைத் தொட்ட இடத்தில் மறு கோடு இட்டு, இரண்டு கோடுகளுக்கும் இடையே நாடாவால் அளக்க வேண்டும். ஒரு சுற்றை அளந்தால் விரற்கடைப் பிழையும் முழுதாக நிற்கும். பத்துச் சுற்றை அளந்து பத்தால் வகுத்தால் அப்பிழை பத்தில் ஒன்றாகிவிடும். பத்துச் சுற்றுக்கு 46 மீட்டர் 80 சென்டிமீட்டர் வந்ததாகக் கொண்டால், ஒரு சுற்று 4 மீட்டர் 68 சென்டிமீட்டர். கிலோமீட்டருக்கு 214 சுற்று. இவ்விரண்டு எண்ணையும் வண்டியின் பக்கப் பலகையில் வர்ணத்தால் எழுதிவிடுவது நலம்.

டயர் வண்டிக்குப் பாரத்தோடு உருட்டுவது இன்னும் அவசியம். ரப்பர் டயர் பாரத்தில் அமுங்குமாதலால், வெறும் வண்டியின் சுற்றளவு வேறு, மூட்டை ஏற்றிய வண்டியின் சுற்றளவு வேறு. காற்றுக் குறைந்த டயருக்கு மற்றோர் அளவு. காற்றைச் சரியாக அடைத்த பிறகே அளக்க வேண்டுமென்பதை மறக்கலாகாது.

இனி எண்ணும் வகை. ஆரக்கால் ஒன்றில் சிவப்புத் துணி கட்டி, அது மேலே வரும்போதெல்லாம் ஒன்று என்று எண்ணி வருக. நூறுக்கு மேல் வாயால் எண்ணுபவர் எவரும் ஓரிடத்தில் தடுமாறுவர். ஆகவே பத்துப் பத்தாக எண்ணி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கூழாங்கல்லை வலக்கையிலுள்ள பையிலிருந்து இடக்கைப் பைக்கு மாற்றுவது நம்பத்தக்க முறை. மேலே சொன்ன ஏரி வழியில் 16 கல்லும் 3 சுற்றும் ஆனால் 163 சுற்று, அதை 4.68-ஆல் பெருக்க 763 மீட்டர். இந்தக் கல் கணக்கு புதிதன்று. கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்த விட்ருவியஸ் என்னும் ரோமானியச் சிற்பநூலார், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி ஓடும் சக்கரத்தோடு 400 பல்லுள்ள உருளையை இணைத்து, 400 சுற்று முடிந்ததும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும்படி ஓர் அமைப்பை விவரித்திருக்கின்றார். பன்னிரண்டரை அடியை 400-ஆல் பெருக்க 5,000 அடி. அதுவே ரோமானியர் மைல். மாலையில் பாத்திரத்திலுள்ள கல்லை எண்ணினால் அன்றைய பிரயாணம் தெரிந்துவிடும்.

மோட்டார் வண்டியிலுள்ள தூர மீட்டரும் தத்துவத்தில் இதுவேயாம். பழைய வண்டிகளில் கியர்ப் பெட்டியிலிருந்து வளையும் கம்பி ஒன்று சென்று, பல்சக்கரங்களின் வழியாக எண்கள் எழுதிய உருளைகளைத் திருப்பும்; புதிய வண்டிகளில் மின்சாரத் துடிப்புக்கள் அவ்வேலையைச் செய்கின்றன. எவ்வகையாயினும் மீட்டருக்குத் தூரம் தெரியாது. சுற்று மட்டுமே தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் வைத்த கணக்கைக் கொண்டே அது எண்ணைக் காட்டுகின்றது. டயர் மாறினால் அக்கணக்கு மாறும் என்பதை அது அறியாது. இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள டயரில் மேல் ரப்பர் 8 மில்லிமீட்டர் தேய்ந்தால், சுற்றளவில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் குறையும். அது நூற்றுக்கு இரண்டரை வீதம். தேய்ந்த சக்கரம் அதே வழிக்கு அதிகமாகச் சுற்ற வேண்டியிருப்பதால், மீட்டர் ஓடியதற்கு மேல் காட்டும். பெரிய டயர் மாட்டினால் ஓடியதற்குக் குறைவாகக் காட்டும். வாடகைக்கு வண்டி பிடிப்போரும் விடுவோரும் இதை நினைவில் வைப்பது நன்று.

மீட்டரைச் சோதிக்கக் கிலோமீட்டர்க் கற்களே போதும். ஒரு கல்லுக்கு நேராக வண்டியை நிறுத்தி மீட்டர் எண்ணை எழுதிக்கொண்டு, பத்துக் கல்லுக்குக் குறையாமல், இயன்றால் இருபது கல் தூரம் ஓட்டி மறுபடியும் எழுத வேண்டும். இருபது கல்லுக்கு மீட்டர் 20.8 ஓடினால் அது நூற்றுக்கு 4 வீதம் மிகுதியாகக் காட்டுகின்றது. பின்னர் அம்மீட்டர் காட்டும் தூரத்தை 1.04-ஆல் வகுத்தால் உண்மைத் தூரம் கிடைக்கும். 100 என்று காட்டினால் 96-க்குச் சிறிது மேல். புறவழிச் சாலை போடப்பட்ட பகுதிகளிலும், வளைவு நிமிர்த்தப்பட்ட பகுதிகளிலும் கற்கள் பழைய கணக்கிலேயே நிற்பதுண்டு. அத்தகைய இடத்தில் சோதித்து மீட்டரைக் குறை சொல்லலாகாது.

டிராக்டர் விஷயம் வேறு. அதிலுள்ளது பெரும்பாலும் மணி மீட்டரே. அது தூரத்தைக் காட்டுவதன்று. பழைய வகை மணி மீட்டர்கள் எஞ்சின் சுற்றைக் கொண்டு ஓடுபவை. எஞ்சின் தனக்கு விதித்த வேகத்தில் ஓடினால் மட்டுமே கடிகாரத்தின் ஒரு மணியும் மீட்டரின் ஒரு மணியும் ஒத்திருக்கும். மெதுவாக ஓடினால் மீட்டர் குறைத்துக் காட்டும். மின்சார வகைகள் எஞ்சின் ஓடும் நேரத்தைக் கடிகாரம்போலக் காட்டுகின்றன. மணிக்கு இவ்வளவு என்று உழவு வாடகை பேசுவோர், எந்த மணி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அதனினும் மேலானது, அவ்வாடகைக்கு எத்தனை மீட்டர் உழவு கிடைக்கின்றது என்று குடியானவர் தாமே கணிக்கக் கற்றுக்கொள்வது.

உழவுத் தூரத்தைக் கணிப்பது மிகவும் எளிது. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதைக் கலப்பை ஒரு போக்கில் கிளறும் அகலத்தால் வகுத்தால் ஓட வேண்டிய தூரம் வரும். நாட்டுக் கலப்பையின் சால் 15 சென்டிமீட்டர் அகலமென்று கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு முறை உழுவதற்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஏர் பின்னால் நடப்பவரும் இரண்டு மாடுகளும் அவ்வளவு தூரம் நடந்தே தீர வேண்டும். ஒரு நாளில் ஓர் ஏக்கர் ஏன் முடியவில்லை என்று உழவாளைக் கடிந்துகொள்வோர் இவ்வெண்ணை ஒரு முறை பெருக்கிப் பார்க்கத்தக்கது. டிராக்டரின் கொத்துக் கலப்பை, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தைக் கழித்து 1.8 மீட்டர் அகலம் கிளறினால், அதே ஏக்கருக்குச் சுமார் இரண்டேகால் கிலோமீட்டர் போதும்.

வயலின் வடிவமும் இங்கே கணக்கில் வரும். 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உள்ள ஏக்கரை நீளவாட்டில் உழுதால் 25 போக்கு, 24 திருப்பம். அகலவாட்டில் உழுதால் 50 போக்கு, 49 திருப்பம். இரண்டிலும் உழவுத் தூரம் 2,250 மீட்டரே. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 34 நிமிஷம் ஆகும். திருப்பம் ஒன்றுக்கு 20 விநாடி என்று கொண்டால், நீளவாட்டில் மொத்தம் 42 நிமிஷத்திலும், அகலவாட்டில் 50 நிமிஷத்திலும் வேலை முடியும். ஏக்கருக்கு 8 நிமிஷம் வித்தியாசம். அதே வடிவுள்ள ஐந்து ஏக்கரை இரண்டு முறை உழுதால் 80 நிமிஷ வாடகை, மண்ணைக் கிளறாமல் வரப்போரத்தில் திரும்பியதற்கே போய்விடும். சரிவுள்ள நிலத்தில் மட்டும், நீளம் எப்படியிருப்பினும் சரிவுக்குக் குறுக்கே உழுவதுதான் முறை. மண் கரைந்து போவது எட்டு நிமிஷ வாடகையினும் பெரிய நஷ்டம்.

டிராக்டரில் சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் கணிப்பவர் சறுக்கலையும் கவனிக்க வேண்டும். எஞ்சினால் சுழற்றப்படும் பின்சக்கரம் கலப்பையை இழுக்கும்போது மண்ணில் சற்றே வழுக்கிச் சுழலும். ஆகவே சுற்று அதிகம், ஓட்டம் குறைவு. இதை அளந்து அறியலாம். கலப்பையைத் தூக்கிவிட்டு அதே வயலில் பின்சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளக்க. 40 மீட்டர் என்று கொள்க. பின் கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, பத்துச் சுற்றுக்கு மறுபடி அளக்க. 35 மீட்டர் வந்தால் சறுக்கல் 5 மீட்டர். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம். உலர்ந்த நிலத்து உழவில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை சறுக்குவது இயல்பே. இருபதுக்கு மேல் ஏறினால் டீசலும் டயரும் வீணாகின்றன என்று அறிந்து, டயர்க் காற்றைச் சரிபார்க்கவும், பின்சக்கரத்துக்குப் பாரம் கூட்டவும், அல்லது உழவின் ஆழத்தைக் குறைக்கவும் வேண்டும். சேற்று உழவில் சறுக்கல் மிகவும் அதிகமாதலால் அங்கே இரும்புக் கேஜ் வீல் மாட்டுகின்றனர். சேற்றில் சக்கரச் சுற்றைக் கொண்டு தூரம் கணிப்பது பயனற்றது. போக்குகளை எண்ணி வயலின் நீளத்தால் பெருக்குவதே ஏற்றது.

கைப்பேசியிலுள்ள செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்டு தூரம் பார்க்கும் வழக்கம் இக்காலத்தில் பரவியிருக்கின்றது. நெடுந்தூரச் சாலைப் பிரயாணத்துக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் அது சிறிது நேரத்துக்கு ஒரு முறை இடத்தைக் குறித்து, அவ்விடங்களைக் கோட்டால் இணைத்தே தூரத்தைச் சொல்லுகின்றது. வளைந்து வளைந்து செல்லும் வாய்க்கால் கரையில் அது வளைவுகளை அறுத்துக் குறைத்துவிடக்கூடும். மரத்தடியில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இடம் அசைவதாக எண்ணித் தூரத்தைக் கூட்டிவிடுவதும் உண்டு. இடக் குறிப்பில் 3 மீட்டர் பிழை 30 கிலோமீட்டர் வழியில் பொருட்டன்று. 45 மீட்டர் வயலோரத்தில் அது நூற்றுக்கு 7 வீதமாகும். சிறு வயலுக்குச் சங்கிலியும் நாடாவுமே இன்றும் நம்பத்தக்கவை.

அளந்ததை எழுதாவிடில் அளந்தும் பயனில்லை. வண்டி ஒன்றுக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, தேதி, புறப்பட்ட இடமும் நேரமும், புறப்படும்போது மீட்டர் எண், சேர்ந்த இடமும் நேரமும், சேர்ந்தபோது மீட்டர் எண், ஓடிய தூரம், ஏற்றிய சரக்கு, ஊற்றிய டீசல், ஓட்டியவர் கையொப்பம் என்று கட்டம் போட்டுக்கொள்ளலாம். மீட்டர் இல்லாத மாட்டு வண்டிக்கு அவ்விடத்தில் நடைகளின் எண்ணிக்கையும், அளந்த ஒருவழித் தூரமும் எழுதினால் போதும். புறப்படும்போது எழுத வேண்டியதைப் புறப்படும்போதே எழுத வேண்டும். சனிக்கிழமை மாலையில் வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்பிய புத்தகம் பார்வைக்கு அழகாயிருக்கும்; எண்கள் யாவும் பத்திலும் இருபதிலும் முடிந்திருப்பதைக் கொண்டே அதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இப்புத்தகம் சரியாயிருக்கின்றதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. இன்று சேர்ந்த எண்ணும் அடுத்த புறப்பாட்டு எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். இடையில் 6 கிலோமீட்டர் காணாமற்போயிருந்தால், எழுதாத பயணம் ஒன்று நடந்திருக்கின்றது. மாத முடிவில், ஓடிய தூரங்களின் கூட்டுத்தொகை, கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்த மிச்சத்துக்குச் சமமாயிருக்க வேண்டும். தவறாக எழுதிய எண்ணைச் சுரண்டி அழித்தலும் அதன்மேலேயே எழுதுதலும் கூடா. ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடுவதே முறை.

பழைய மீட்டர்களில் இரண்டு இடங்களில் பிழை நேருவதுண்டு. கடைசி எண் வேறு நிறத்திலிருந்தால் அது கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதையும் சேர்த்துப் படித்தால் 35 கிலோமீட்டர் 350 ஆகிவிடும். மற்றொன்று, ஐந்து இலக்க மீட்டர் 99,999-க்குப் பிறகு மீண்டும் சைபரிலிருந்து தொடங்குவது. புறப்பாடு 99,978, சேர்க்கை 00,041 என்று காணப்பட்டால், பின்னதோடு ஒரு லட்சத்தைக் கூட்டிக் கழிக்க 63 கிலோமீட்டர் வரும். மீட்டர் பழுதானால் பழுதான தேதியையும் அப்போது நின்ற எண்ணையும் எழுதி, பழுது பார்க்கும் வரை கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டு தூரம் எழுதுவதும், அவ்வாறு எழுதியது என்று குறிப்பதும் அவசியம். குறிப்பில்லாத மதிப்பு எண், அளந்த எண்ணைப்போல் வேஷம் போட்டுப் பின்னால் சங்கடம் விளைவிக்கும்.

கிராம அலுவலர்கள் தூரத்தை எழுத நேரும்போது வழியையும் சேர்த்து எழுதுவது இன்றியமையாதது. வரப்பு வழியாக நடப்பவருக்குப் பக்கத்து ஊர் ஒன்றரைக் கிலோமீட்டராயிருக்கலாம். வண்டி வழியில் அதுவே மூன்றாகும். மழைக்காலத்தில் வாய்க்கால் கரை சேறாகித் தார்ச்சாலையைச் சுற்றி வந்தால் ஐந்தாகும். மூன்றும் உண்மையே. எந்த வழி, எந்தப் பருவம் என்று எழுதாத எண் மட்டுமே பொய்யாகின்றது. பழைய தஸ்தாவேஜுகளில் மைலும் பர்லாங்கும் காணப்படும். 1956-ம் வருஷத்து நிறை அளவைச் சட்டத்தின் பின் மெட்ரிக் முறை வந்துவிட்டதாகையால் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு மைலுக்கு எட்டுப் பர்லாங்கு, பர்லாங்கு ஒன்று 201 மீட்டர். 2 மைல் 3 பர்லாங்கு என்றிருந்தால் 3 கிலோமீட்டர் 822 மீட்டர். அவசரத்துக்கு 5 மைலுக்கு 8 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். பத்திரத்தில் எழுதுவதற்கு அது போதாது.

டீசல் கணக்கும் இப்புத்தகத்திலிருந்தே கிடைக்கும். தொட்டி வழிய நிரப்பி மீட்டரை எழுதுக. சில நாள் ஓட்டிய பின் மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, அப்போது பிடித்த லிட்டரையும் மீட்டரையும் எழுதுக. 18,210-லிருந்து 18,462 வரை 252 கிலோமீட்டர் ஓடி 21 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர். முன் கூறியவாறு கற்களை வைத்துச் சோதித்ததில் அம்மீட்டர் நூற்றுக்கு 4 மிகுத்துக் காட்டுவதாயிருந்தால், உண்மையில் ஓடியது 242, லிட்டருக்குப் பதினொன்றரை. மாதந்தோறும் இவ்வெண் ஒரே அளவாயிருந்து, ஒரு மாதத்தில் திடீரென்று ஒன்பதுக்கு இறங்கினால், எஞ்சினையோ டயர்க் காற்றையோ தொட்டிக் குழாயையோ பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியலாம். சில வேளைகளில் புத்தகத்தை எழுதுபவரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

டயர் மாற்றியபோதும், மரச் சக்கரத்துக்குப் புதுப் பட்டை கட்டியபோதும் பத்துச் சுற்று அளவை மறுபடி எடுத்து, தேதியோடு புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். பழைய அளவை அடித்துவிடலாகாது. அத்தேதிக்கு முந்திய நடைகளுக்கு அதுவே கணக்கு.